எத்திலீனோடு நிற்க வேண்டும்

வினையூக்கி ஆய்வுக்கு வரும் வேதியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

முதுநிலை முடித்துவிட்டு இந்த ஆண்டு ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் வினையூக்கிப் பிரிவுக்குள் நுழையப்போகிறவர்களுக்கும், ஏற்கெனவே நுழைந்து முதல் அறிக்கையை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சென்னை ஐஐடியில் இருக்கிறவர்களும் சரி, ஒரே ஒரு ஜிசி கருவியை நான்கு பேர் முறைவைத்துப் பயன்படுத்தும் கல்லூரியில் இருக்கிறவர்களும் சரி, இது உங்கள் எல்லோருக்கும்தான்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஹைட்ரஜனேற்றத்தில் வினையை நடத்திக்காட்டுவது எளிது, வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் கடினம். உலோகத்தின் மேல் ஹைட்ரஜன் எப்படி உடைகிறது, உடைந்தபின் எங்கே போய்த் தங்குகிறது என்பதைப் பொறுத்தே அது நிற்கும் அல்லது நிற்காமல் ஓடும். அதைப் பார்க்காமல் எழுதப்படும் தேர்திறன் எண்களை நம்பாதீர்கள். நீங்களும் அப்படி எழுதாதீர்கள்.

பதினோராம் வகுப்பில் படித்த சமன்பாடு நினைவிருக்கும். எத்திலீனும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஈத்தேன், அம்புக்குறியின் மேல் நிக்கல். பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியர் 1890களின் இறுதியில் நுண்ணிய நிக்கல் தூளின் மேல் இவ்விரு வாயுக்களையும் செலுத்திச் செய்துகாட்டிய வினை அது. அந்த வழியில் அவர் செய்த வேலைகளுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. நாமும் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலைக்குள் போய்ப் பார்த்தால், அங்கே எல்லோரும் தடுக்கப் பாடுபடுவது இதே வினையைத்தான்.

நாஃப்தாவையோ ஈத்தேனையோ நீராவியோடு கலந்து 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி உடைத்து எத்திலீன் எடுக்கிறார்கள். நம் நாட்டில் பானிபட், ஹால்டியா, ஹசீரா, தாஹேஜ் போன்ற இடங்களில் இந்த ஆலைகள் ஓடுகின்றன. உலகம் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் எத்திலீன் செய்கிறது. காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட், வயலில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய், மின்கம்பியின் உறை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. உடைக்கும்போது எத்திலீனோடு அசிட்டிலீனும் கொஞ்சம் வந்துவிடும். பிரித்தெடுத்த ஓடையில் அது நூற்றுக்கு ஒன்று, சில ஆலைகளில் இரண்டு. பாலிஎத்திலீன் செய்யும் வினையூக்கிக்கு அசிட்டிலீன் நஞ்சு. அதனால் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்குக் கீழே, பல இடங்களில் ஒரு பங்குக்கும் கீழே அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஆலைகள் இதற்கு ஹைட்ரஜனைத்தான் நம்புகின்றன. அசிட்டிலீனுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொடுத்தால் அதுவும் எத்திலீனாகிவிடும். கழிவாகப் போக வேண்டியது விற்பனைப் பொருளாகிறது.

இதைத் தாளில் எழுதுவது சுலபம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ரியாக்டருக்குள் நுழையும்போது ஓர் அசிட்டிலீன் மூலக்கூறைச் சுற்றி ஐம்பது, நூறு எத்திலீன் மூலக்கூறுகள் இருக்கின்றன. வெளியேறும் முனையில் ஓர் அசிட்டிலீனுக்கு லட்சக்கணக்கான எத்திலீன். அந்தக் கூட்டத்துக்குள் ஹைட்ரஜன் அசிட்டிலீனை மட்டும் தேடிப்பிடிக்க வேண்டும். எத்திலீனைத் தொட்டால் விலையுள்ள பொருள் ஈத்தேனாகி வீணாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அசிட்டிலீன் எத்திலீனாகும்போது மோலுக்கு ஏறக்குறைய 175 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது, எத்திலீன் ஈத்தேனாகும்போது 137. அசிட்டிலீன் சிறிதளவே இருப்பதால் முதல் வினையின் வெப்பம் ஓர் அளவோடு நின்றுவிடும். எத்திலீன் அப்படியில்லை. ஹைட்ரஜன் தாராளமாக இருக்கும் ஓடையில் இரண்டாவது வினை ஒருமுறை பிடித்துக்கொண்டால், வெப்பநிலை ஏற ஏற வேகமும் ஏறி, கட்டுமீறிப் போய்விடும். தேர்திறன் என்று நாம் ஒரு விழுக்காட்டைப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆலையில் நிற்பவர்களுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட எண்.

சரி, ஹைட்ரஜன் எப்படி உடைகிறது என்று பார்ப்போம். அந்த இரண்டு அணுக்களைப் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜனையும் எத்திலீனையும் ஒரே குடுவையில் அடைத்து அறை வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. பல்லேடியமோ பிளாட்டினமோ நிக்கலோ அருகில் இருந்தால் நிலைமை வேறு. ஹைட்ரஜன் உலோகப் பரப்பை நெருங்கும்போது அதன் பிணைப்பு எலக்ட்ரான்கள் உலோகத்தின் பக்கம் சாய்கின்றன. அதே சமயம் உலோகத்தின் டி எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் இறங்குகின்றன. இரண்டும் சேர்ந்து பிணைப்பைத் தளர்த்த, அணுக்கள் இரண்டும் தனித்தனியே பரப்பில் அமர்ந்துவிடுகின்றன. உடைக்கச் செலவான ஆற்றலைவிட, இரண்டு உலோக–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாவதில் கிடைப்பது அதிகம். பல்லேடியத்தில் இதற்குத் தடை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாமிரத்தில் கணிசமான தடை இருக்கிறது. தட்டையான தங்கப் பரப்பில் அது இன்னும் பெரிது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். லாங்மூர் வழியில் நாம் படித்தது என்ன? ஹைட்ரஜன் உடைந்து அமர அடுத்தடுத்து இரண்டு காலியிடம் போதும் என்பதுதான். அமெரிக்காவின் பெர்க்லியில் மிகெல் சால்மெரான் குழுவினர் வருடு ஊடுருவல் நுண்ணோக்கியைக் (எஸ்டிஎம்) கொண்டு பல்லேடியத்தின் ஒரு தட்டையான படிகப் பரப்பை மிகக் குறைந்த வெப்பநிலையில் பார்த்தார்கள். பரப்பு முழுக்க ஹைட்ரஜன் அணுக்கள் நிரம்பியிருக்க, இடையிடையே சில காலியிடங்கள். அவை நகர்கின்றன, ஒன்றுசேர்கின்றன, பிரிகின்றன. இரண்டு காலியிடங்கள் ஒட்டி நின்றபோது ஹைட்ரஜன் அங்கே உடையவில்லை. மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்த இடத்தில்தான் உடைந்தது. 2003இல் வெளியான அந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பல நாள் வேறெதிலும் மனம் செல்லவில்லை. அந்தப் பல்லேடியப் பரப்பில் ஹைட்ரஜனை உடைப்பது தனியொரு பல்லேடியம் அணு அல்ல, அணுக்களின் ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தைக் கலைத்தால் உடையும் வேகம் குறையும். வேகத்தைக் குறைக்க ஒரு பிடி கிடைத்துவிட்டதென்றால், நிறுத்தவும் ஒரு வழி இருக்கிறது.

உடைந்த ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் இரட்டைப் பிணைப்பில் போய்ச் சேர்வதில்லை. 1934இல் மான்செஸ்டரில் ஹோரியூட்டியும் போலானியும் வகுத்த வழியில், முதலில் ஓர் அணு சேர்கிறது. அப்போது உருவாவது பாதி ஹைட்ரஜனேற்றம் பெற்ற ஒரு நிலை. அங்கிருந்து இன்னோர் அணுவைப் பெற்று முன்னே போகலாம், அல்லது பெற்றதை உதறிவிட்டுப் பின்னே திரும்பலாம். திரும்பும்போது பழைய உருவத்தில்தான் திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்தப் பாதி வழித் திருப்பத்துக்கு நம் நாட்டுச் சமையலறைகள் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கின்றன.

வனஸ்பதியைச் சொல்கிறேன். ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் திரவ எண்ணெயை நிக்கல் கொண்டு கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1930களில் டால்டா வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளுக்கு அது நெய்யின் இடத்தில் அமர்ந்தது. எண்ணெயிலுள்ள இரட்டைப் பிணைப்புகளில் சிலவற்றை மட்டும் நிரப்பி மற்றவற்றை விட்டுவைப்பதுதான் அந்த முறையின் நோக்கம். ஆக அதுவும் தேர்திறன் தேவைப்படும் வினைதான். நிக்கலைக் கீசல்கர் மண் போன்ற தாங்கியில் பரப்பி, 150 டிகிரிக்கு மேல் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். எண்ணெய்க்குள் நிக்கல் பரப்புக்கு வந்துசேரும் ஹைட்ரஜன் போதாது. ஓர் அணுவைப் பெற்ற கொழுப்பு அமிலத்துக்கு இரண்டாவது அணு எளிதில் கிடைப்பதில்லை. அது முதல் அணுவையும் உதறிவிட்டு இரட்டைப் பிணைப்புக்குத் திரும்புகிறது, ஆனால் திரும்பும்போது சிஸ் வடிவம் டிரான்ஸ் ஆகிவிடுகிறது. டப்பாவில் அடைபட்டுக் கடைக்கு வந்த கொழுப்பில் டிரான்ஸ் இப்படித்தான் நிறைந்தது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்ல கொலஸ்டிராலை இறக்குகிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை 2022 ஜனவரி முதல் 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. நிக்கல் பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்ற கேள்வி, பல பத்தாண்டுகள் கழித்து நம் மக்களின் மாரடைப்புக் கணக்கில் வந்து நின்றது. பரப்பில் நடப்பதைத் தெரிந்துகொள்ளாமல் விளைச்சலை மட்டும் பார்ப்பதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மறுபடி பல்லேடியத்துக்கு வருகிறேன். அசிட்டிலீன் வேலைக்கு அதைவிட நல்ல தனி உலோகம் இதுவரை கிடைக்கவில்லை. காரணம் பந்தியில் இடம் பிடிப்பது போன்றது. எத்திலீனைவிட அசிட்டிலீன் பல்லேடியத்தில் உறுதியாக ஒட்டும், எனவே அசிட்டிலீன் இருக்கும்வரை அதுதான் முதலில் இலை போட்டு உட்காரும், எத்திலீன் வெளியே நிற்கும். ஆனால் அசிட்டிலீன் தீரத் தீர இடங்கள் காலியாகின்றன, காத்திருந்த எத்திலீன் உள்ளே வந்து அமர்கிறது. வினையின் தொடக்கத்தில் தேர்திறன் அழகாகவும் முடிவில் மோசமாகவும் தெரிவது இதனால்தான்.

பல்லேடியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஹைட்ரஜனைத் தன் பரப்பில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை, உள்ளேயும் விழுங்கிக்கொள்ளும். 1866இல் தாமஸ் கிரஹாம் கண்டறிந்த இந்தப் பண்பால், தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜன் வாயுவைப் பல்லேடியம் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே தங்கிய இந்த ஹைட்ரஜன் பின்னர் பரப்புக்கு ஏறிவரும்போது, மேலே அமர்ந்திருப்பது அசிட்டிலீனா எத்திலீனா என்று பாராமல் கிடைத்ததை ஈத்தேன் வரை கொண்டுபோய்விடும். 2008இல் டெட்ரே டெஷ்னரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதை வினை நடக்கும்போதே காட்டியது. வினை தேர்திறனோடு நடக்கும் வேளையில் பல்லேடியத்தின் மேலடுக்குக்குக் கீழே கார்பன் புகுந்திருக்கிறது. அசிட்டிலீன் போன்ற மூலக்கூறுகளிலிருந்தே உடைந்து வந்த அந்தக் கார்பன், உள்ளிருக்கும் ஹைட்ரஜன் பரப்புக்கு வரும் வழியை அடைத்துவிடுகிறது. கார்பன் இல்லாத பல்லேடியம் கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் நிரப்புகிறது. நீங்கள் காலையில் ரியாக்டருக்குள் போட்ட வினையூக்கியும் மாலையில் வேலை செய்துகொண்டிருக்கும் வினையூக்கியும் ஒரே பொருள் அல்ல என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வினைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படத்தை மட்டும் காட்டி வினையை விளக்குவது போதாது.

ஆலைகள் பல்லேடியத்தின் இந்தக் குணத்தை வெள்ளி சேர்த்து அடக்குகின்றன. வெள்ளி அணுக்கள் இடையே புகுந்து பல்லேடியக் கூட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கின்றன. உள்ளே ஹைட்ரைடு உருவாவது குறைகிறது, எத்திலீனின் பிடி தளர்ந்து அது ஈத்தேனாகுமுன் கிளம்பிவிடுகிறது. 1952இல் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் லிண்ட்லர் செய்ததும் இதன் உறவுதான். வைட்டமின் ஏ தயாரிப்புக்காக, கால்சியம் கார்பனேட்டின் மேல் பல்லேடியத்தைப் பரப்பி ஈயத்தால் அதைப் பாதி மந்தமாக்கினார். ஆலை ஓடையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது, இடங்களைப் பிடித்துக்கொண்டு எத்திலீனை வெளியே நிறுத்துகிறது. அதன் அளவு திடீரென்று குறைந்துவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

அண்மை ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, 2012இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் சைக்ஸ் குழுவினர் வெளியிட்டது. தாமிரப் பரப்பில் மிகச் சிறிதளவு பல்லேடியத்தைத் தனித்தனி அணுக்களாகத் தூவினார்கள். ஹைட்ரஜன் அந்தப் பல்லேடியம் அணுவில் உடைந்து, பக்கத்திலுள்ள தாமிரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தாமிரம் ஹைட்ரஜனைத் தளர்வாகத்தான் பிடிக்கும். தானே உடைக்கத் திணறும் தாமிரம், வேறொருவர் உடைத்துக் கொடுத்ததை நிதானமாகப் பயன்படுத்துகிறது. உடைக்கும் இடமும் சேர்க்கும் இடமும் வெவ்வேறாகிவிட்டதால் வேகத்தையும் தேர்திறனையும் ஓரளவு தனித்தனியே கட்டுப்படுத்த முடிந்தது. விலை உயர்ந்த உலோகம் வேண்டாம் என்று நினைப்பவர்கள், டென்மார்க்கில் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர் 2008இல் கணினிக் கணக்கிலிருந்து தொடங்கி நிக்கல்–துத்தநாகக் கலவைக்கு வந்து சேர்ந்த கட்டுரையைத் தேடிப் படியுங்கள். முதலில் கணக்கு, பிறகு சோதனை என்ற வரிசை அதில் தெளிவாக இருக்கிறது.

தங்கத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்பெயினின் வாலென்சியாவில் அவெலினோ கோர்மா குழுவினர் 2006இல் டைட்டானியாவின் மேல் சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களை வைத்து, ஒரே மூலக்கூறில் நைட்ரோ தொகுதியும் கார்பன் இரட்டைப் பிணைப்பும் இருக்கையில் நைட்ரோவை மட்டும் அமீனாக மாற்றிக்காட்டினார்கள். தங்கம் ஹைட்ரஜனை மெதுவாகத்தான் உடைக்கும். மெதுவாக உடைப்பது இங்கே குறையாக இல்லை, பலமாக இருந்தது.

தாங்கியைப் பற்றி இன்னும் பேசவில்லை. கட்டுரைகளில் பலர் அதை ஒரு தட்டைப்போல நடத்துகிறார்கள். உலோகத்தை வைக்க ஓர் இடம், அவ்வளவுதான் என்று. ஆலையில் அசிட்டிலீனுக்குப் பயன்படும் ஒரு குளிகையை நீங்கள் கையில் எடுத்து நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை அலுமினா. வெட்டிய முகத்தில் ஓரத்தை ஒட்டி மட்டும் மெல்லிய பழுப்பு வளையம். பல்லேடியம் முழுவதும் அந்த வளையத்துக்குள்தான் இருக்கிறது. எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுப்பகுதி முழுக்க வெறும் வெள்ளை. இது சிக்கனத்துக்காக மட்டும் செய்தது அல்ல. பல்லேடியம் உள்வரை இருந்தால், ஆழத்தில் உருவான எத்திலீன் வெளியேறும் வழியெல்லாம் பல்லேடியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், வழியிலேயே ஈத்தேனாகிவிடும். ஓரத்திலேயே வைத்தால் உருவானதும் வெளியேறிவிடலாம். அந்த அலுமினாவும் நாம் ஆய்வுக்கூடத்தில் ஆசையோடு செய்யும் பெரும் பரப்புள்ள வகை அல்ல. நன்கு சூடாக்கிப் பரப்பைக் குறைத்த ஆல்ஃபா வகை. அமிலத்தன்மை அதில் மிகக் குறைவு. அமிலத்தன்மை இருந்தால் அசிட்டிலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஆலைக்காரர்கள் பச்சை எண்ணெய் என்று சொல்லும் பிசுபிசுப்பான பொருளாகிக் குளிகையை அடைத்துவிடும். பரப்பளவு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்ததை இங்கே மறந்துவிட வேண்டும்.

தாங்கி வேறு காரியங்களும் செய்கிறது. 1964இல் கூபியார் செய்த ஒரு சோதனையை முடிந்தால் நீங்களும் செய்து பாருங்கள். டங்ஸ்டன் ஆக்சைடு மஞ்சள் தூள். ஹைட்ரஜனை அறை வெப்பநிலையில் செலுத்தினால் அது அப்படியே மஞ்சளாகக் கிடக்கும். அதோடு அலுமினாவில் ஏற்றிய பிளாட்டினத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டு மறுபடி ஹைட்ரஜனைச் செலுத்துங்கள். மஞ்சள் நீலமாகத் தொடங்கும். பிளாட்டினத்தில் உடைந்த ஹைட்ரஜன் அணுக்கள் அங்கேயே தங்காமல் வழிந்து பக்கத்துத் தூளுக்குள் இறங்கியிருக்கின்றன. வழிவு என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் எல்லாத் தாங்கியிலும் ஹைட்ரஜன் இப்படி வழிந்தோடாது. 2017இல் சுவிட்சர்லாந்தில் பிளாட்டினத் துகளையும் இரும்பு ஆக்சைடு துகளையும் அளந்த இடைவெளிகளில் வைத்துப் பார்த்தார்கள். டைட்டானியாவில் ஹைட்ரஜன் தொலைவு பாராமல் பரவியது. அலுமினாவில் மிகக் குறுகிய தொலைவுக்குள் அடங்கிவிட்டது. பரவும் வேகத்தில் இரண்டுக்கும் பத்து அடுக்கு வித்தியாசம், அதாவது ஆயிரம் கோடி மடங்கு. வழிவு என்ற சொல்லை விளக்கம் கிடைக்காத இடத்திலெல்லாம் தூவுகிறவர்கள், தங்கள் தாங்கி எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டைட்டானியாவுக்கே இன்னொரு முகமும் உண்டு. 1978இல் எக்ஸான் நிறுவனத்தில் டவுஸ்டர் குழுவினர், டைட்டானியாவில் ஏற்றிய பிளாட்டினத்தை ஹைட்ரஜனில் 200 டிகிரியில் பதப்படுத்தியபோது அது வழக்கம்போல் ஹைட்ரஜனை ஏற்றது. 500 டிகிரியில் பதப்படுத்தியபின் ஏறக்குறைய ஒன்றையும் ஏற்கவில்லை. துகள்கள் ஒட்டிப் பெரிதாகிவிடவில்லை. தாங்கியிலிருந்து ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் ஏறி உலோகத்தை மூடியிருந்தது என்பது பின்னர் தெளிவானது. ஹைட்ரஜன் ஏற்பு அளவைப் பார்த்து, துகள் இவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டு எழுதுகிறீர்களே, அதற்கு முன் இந்தச் சாத்தியத்தை நினைத்துப் பாருங்கள்.

உலோகமும் ஆக்சைடும் சந்திக்கும் ஓரத்தில் ஹைட்ரஜன் வேறு விதமாகவும் உடையலாம். ஓர் அணு புரோட்டானாக ஆக்சிஜனின் மேலும், மற்றது ஹைட்ரைடாக உலோகத்தின் மேலும் அமரும். 2016இல் சியாமென் பல்கலைக்கழகத்தின் ஜெங் நான்ஃபெங் குழுவினர் டைட்டானியாவில் தனித்தனிப் பல்லேடியம் அணுக்களை நிறுத்தி இதைக் காட்டினார்கள். கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு போன்ற முனைவுள்ள பிணைப்புகளுக்கு இந்த வகை ஹைட்ரஜன் நன்கு பொருந்துகிறது. ஆகவே உங்கள் வினையூக்கியில் ஹைட்ரஜன் சமமாக உடைகிறதா, மின்னூட்டம் பிரிந்து உடைகிறதா என்பது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுதியான கேள்வி.

இனி உங்களிடம் நேராகச் சில விஷயங்கள்.

அசிட்டிலீனையும் ஹைட்ரஜனையும் மட்டும் செலுத்தி, எத்திலீன் சேர்க்காமல் செய்த சோதனையில் 95 விழுக்காடு தேர்திறன் வந்தது என்றால் அதைக் கொண்டாடாதீர்கள். அங்கே எத்திலீனே கொஞ்சம்தான், அசிட்டிலீன் எல்லா இடத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆலையில் உள்ளதுபோல் எத்திலீனை மிகுதியாகச் சேர்த்து, அசிட்டிலீன் ஏறக்குறைய முழுதும் தீரும் வரை கொண்டுபோய், அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 20 விழுக்காடு மாற்றத்தில் அளந்த ஒரு வினையூக்கியை 99 விழுக்காட்டில் அளந்த இன்னொன்றோடு ஒப்பிட்டு அட்டவணை போடாதீர்கள். அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

கார்பன் கணக்கை முடியுங்கள். உள்ளே போன கார்பன் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? பச்சை எண்ணெய் ஜிசியில் தெரியாது. தெரியாததைக் கணக்கில் விட்டுவிட்டால் ஈத்தேன் குறைவாக இருப்பதையே தேர்திறன் என்று நினைத்துக்கொள்வீர்கள். வாய்மொழித் தேர்வுகளில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் நல்ல மாணவர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லித் தரவில்லை.

வெறும் தாங்கியை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். காலி ரியாக்டரையும் ஒருமுறை ஓட்டுங்கள். எஃகுச் சுவரிலேயே நிக்கல் இருக்கிறது. டியூட்டீரியம் கிடைத்தால், ஹைட்ரஜனோடு சமமாகக் கலந்து செலுத்தி எச்டி எவ்வளவு உருவாகிறது என்று பாருங்கள். உடைவதும் சேர்வதும் எவ்வளவு சுலபமாக நடக்கின்றன என்று அது சொல்லிவிடும். உருவானால் உடைவதில் சிக்கல் இல்லை, சிக்கல் பின்னால் எங்கேயோ இருக்கிறது. டியூட்டீரியம் கிடைக்காவிட்டாலும் ஹைட்ரஜன் அழுத்தத்தை மாற்றி வேகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. குளிகையை நசுக்கிச் சிறிதாக்கியபின் வேகமும் தேர்திறனும் மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால் நீங்கள் அளந்தது உலோகத்தை அல்ல, துளைகளுக்குள் நடக்கும் போக்குவரத்தை.

இவை எதற்கும் வெளிநாட்டுக் கருவி வேண்டியதில்லை. நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அந்த ஒரே ஜிசி போதும், கூடவே பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும். வழிகாட்டி அவசரப்படுத்துவார், இதழ்கள் பெரிய எண்களைக் கேட்கும், பக்கத்து மேசையில் இருப்பவர் 100 என்று எழுதிவிட்டுப் போவார். அந்த அழுத்தம் எனக்குத் தெரியும். ஆனாலும் எத்திலீன் மிகுந்த ஓடையில், கார்பன் கணக்கை முடித்து, அசிட்டிலீன் தீர்ந்த பிறகு அளந்தபோது உங்களுக்கு 70 வந்தால், அறிக்கையில் 70 என்றே எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து வேறொருவர் வேலையைத் தொடர முடியும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்தத் துறைக்கு வந்த ஓர் ஆசிரியர்